நீர்ப் பகுப்பாய்வுக் கையேட்டுக்குத் துணைநின்றோர்க்கு நன்றி

அன்புடையீர்,

வணக்கம். பதினொருவர் எழுதிய நீர்ப் பகுப்பாய்வுக் கையேடு சென்ற வாரம் அச்சாகிக் கைக்கு வந்தது. பதிப்புப் பணியை ஒருங்கிணைத்தவன் என்ற முறையில், அட்டையில் பெயர் இடம்பெறாத உங்களுக்கு எல்லோரும் அறிய நன்றி கூற விரும்புகிறேன்.

முதல் நன்றி மெய்ப்புத் திருத்திய அம்மையாருக்கு. ஆறாம் இயலின் கோப்பை வேறொரு கணினிக்கு மாற்றியபோது குறியீட்டு எழுத்துரு விடுபட்டு, 'மியூ' என்னும் கிரேக்க எழுத்து நின்ற இடமெல்லாம் 'எம்' வந்து உட்கார்ந்து, மைக்ரோகிராம் அத்தனையும் மில்லிகிராம் ஆகிவிட்டிருந்தது. இரண்டுமே முறையான அலகுகள் என்பதால் எழுத்துப்பிழை காட்டும் மென்பொருள் இதைக் கண்டுகொள்ளாது. ஆர்சனிக்குக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்றிருந்த வரியை அவர் பென்சிலால் வட்டமிட்டு, "இரண்டாம் இயலில் 10 மைக்ரோகிராம் என்றல்லவா இருந்தது?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். ஆயிரம் மடங்கு வேறுபாடு! அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு தேடியதில் அதே இயலில் மேலும் 43 இடங்கள் அகப்பட்டன. அவர் வேதியியல் படித்தவர் அல்லர். நான்கு இயல்களுக்கு முன் படித்த எண்ணை நினைவில் வைத்திருந்தார். அச்சேறியிருந்தால் ஆய்வகத்தில் யாரேனும் அந்த எண்ணை நம்பியிருப்பார்கள் என்பதை நினைக்கும்போது இன்றும் என் மனம் பதறுகிறது.

மொழிச் செம்மையாளர் முதல் வாரத்திலேயே எந்தச் சொல்லை எப்படி எழுதுவது என்று வரையறுக்கும் ஸ்டைல் ஷீட் ஒன்றைத் தொகுத்து, 'கடினத்தன்மை', 'வன்தன்மை' என ஆளுக்கொரு சொல்லாகக் கிடந்ததை ஒன்றாக்கினார். பல ஆண்டுகளாகப் புழங்கிய தம் சொல்லை விட்டுக்கொடுத்த ஆசிரியர்களின் பெருந்தன்மையும் இதில் அடங்கும். துறை வல்லுநர்கள் இருவரும் எடுத்துக்காட்டுக் கணக்குகளைப் பார்வையிட்டதோடு நில்லாமல், ஒவ்வொன்றையும் தாமே போட்டுப் பார்த்தார்கள்.

சமன்பாடுகளை லேடெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளில் கோத்த பக்க வடிவமைப்பாளருக்கும் கடன்பட்டிருக்கிறேன். லேடெக்குக்கு அடிப்படையான டெக் என்னும் மென்பொருளை, தம் நூலின் இரண்டாம் பதிப்புக்கு 1977-இல் வந்த புரூஃபின் (அச்சுக்கு முந்தைய மெய்ப்பின்) தோற்றம் மனத்துக்கு ஒப்பாததால்தான் கணினி அறிவியலாளர் டொனால்டு குனூத் உருவாக்கத் தொடங்கினார். நம் வடிவமைப்பாளரிடமும் அந்த ஒப்பாமை உண்டு.

சொல்லடைவு தயாரித்தவரிடம் நன்றியோடு வருத்தமும் தெரிவிக்க வேண்டும். பக்க எண்கள் உறுதியான பிறகே தொடங்கக்கூடிய அந்த வேலையை, கடைசி நேரத்தில் இரண்டு படங்களை நீக்கி நான் இருமுறை செய்ய வைத்தேன். அவர் முகம் சுளிக்கவில்லை. ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் 16 பக்க ஃபாரம் ஒன்றை அச்சகத்தார் நமக்காக ஒரு நாள் நிறுத்திவைத்ததும் அதனால்தான்.

உங்கள் பென்சில் குறிப்புகள் உள்ள புரூஃப் கட்டுகள் மூன்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். மறுபதிப்புக்கு உட்காரும்போது அவற்றைத்தான் முதலில் பிரிப்பேன்.

நன்றியுடன்,
பதிப்பு ஒருங்கிணைப்பாளர்