கவிதாவுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள கவிதாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். சித்தி வீட்டு விசேஷம் தையில்தான். மீதியை அம்மா போனில் சொல்வாள், நீ எடுத்தால்.

போன தடவை வந்தபோது ராத்திரி இரண்டு மணிக்கு, அந்தக் குளிரில், திண்ணையில் உட்கார்ந்திருந்தாய். 'சைட்ல வேலை ஜாஸ்திப்பா' என்றாய். சரி என்று விட்டுவிட்டேன்.

அங்கே காங்கிரீட் போட்டு எத்தனை நாளில் சென்ட்ரிங் பிரிக்கிறார்கள்? சுவருக்குச் சுவர் 4.5 மீட்டருக்கு மேல் போகும் ஸ்லாபுக்கு 14 நாள், 6 மீட்டருக்கு மேற்பட்ட பீமுக்கு 21 நாள் முட்டு நிற்க வேண்டும் என்று நீதான் எனக்குப் புத்தகத்தில் காட்டினாய். கோத்தகிரிக் குளிரில் நாங்கள் இன்னும் சில நாள் கூடவே விடுவோம். அதே காங்கிரீட்டில் வார்த்த க்யூபை 28 நாள் கழித்து உடைத்துப் பலம் பார்த்த ரிசல்ட்டைக் கண்ணால் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே. யார் அவசரப்படுத்தினாலும் போடாதே.

மேஸ்திரி மகள் இன்ஜினியர் என்று டானிங்டனில் நான் சொல்லாத ஆளில்லை. அந்த இன்ஜினியருக்கு அப்பனோடு பேச நேரமில்லை.

2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டிய வாரம், நான் கட்டிய தடுப்புச் சுவர் விழுந்ததே, நினைவிருக்கிறதா? 'இதுல கீழ தண்ணி போற ஓட்டையே காணோமேப்பா' என்றாய். ஆறாவது படிக்கிற பிள்ளையை ரோட்டில் வைத்து அறைந்தேன்.

மேலே ஒரு வரிசை ஓட்டைதான் வைத்திருந்தேன். கீழ் வரிசைக்குக் குழாய் வரவில்லை, வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமைக்குள் முடிக்கச் சொன்னார். சுவருக்குப் பின்னால் உடைகல் போட வேண்டிய இடத்தில் வெட்டிய மண்ணையே தள்ளி மூடினேன். மண் தண்ணீர் குடித்து, வடிய வழியில்லாமல் சுவரைத் தள்ளிவிட்டது. கீழ்வீட்டுப் பாட்டி அன்று மகள் வீட்டில் இருந்தார். அவர் கட்டிலில் கிடந்த கல்லை நானே தூக்கினேன். என் உளி பட்ட கல். மழைதான் காரணம் என்று ஊர் சொன்னது, நானும் சொன்னேன். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. நீ கேட்டது சரி, கண்ணு. அறைந்தது தப்பு.

எதிலாவது கையெழுத்துப் போட்டுவிட்டாய் என்றால் சொல், திட்டமாட்டேன். சென்ட்ரிங்கைப் பிரித்தே விட்டிருந்தாலும் கீழே ஆள் போகாமல் நிறுத்து, உன் மேலதிகாரிக்கு எழுத்தில் கொடு. ராத்திரி எந்நேரமானாலும் போன் போடு. முழித்துத்தான் இருப்பேன்.

அப்பா