கார்டு வந்துவிட்டது, ஒரு பழைய பாக்கியும் இருக்கிறது

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது, கோபித்துக்கொள்ளாதே. எலக்ட்ரீஷியன் தேர்வு பாஸ் செய்ததற்கான கார்டு கைக்கு வரட்டும், அப்புறம் எழுதலாம் என்று வைத்திருந்தேன். நேற்று வந்துவிட்டது. கையகல பிளாஸ்டிக், அதில் ஒரு நம்பர், காலாவதித் தேதி, பிடிபட்ட திருடன் மாதிரி என் மூஞ்சி. இதற்கா எட்டு மாதம் அலைந்தாய் என்று வீட்டில் சிரிக்கிறார்கள்.

"இருபது வருஷம் பைப் போட்டு ஒயர் இழுத்தவனுக்கு எதுக்குடா கார்டு" என்று எழுதியிருந்தாய். நானும் போன வருடம்வரை அதே பாட்டுதான் பாடிக்கொண்டிருந்தேன். அப்புறம் சைட்டில் கார்டு இல்லாதவன் டி.பி.யை, அதாவது கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற போர்டைத் திறக்கக் கூடாது என்று ஆகிவிட்டது. நேற்று வந்த பையன் கார்டோடு போர்டு முன்னால் நிற்கிறான், நான் கீழே நின்று ஏணி பிடிக்கிறேன். ஒயரிங் முழுக்க நான் செய்தது, டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்து அவனுடையது. பையன் நல்லவன்தான், "அண்ணே, இது சரியா இருக்கா" என்று என்னைக் கேட்டுக் கேட்டுத்தான் எழுதுவான், அதுதான் இன்னும் எரிச்சல்.

முதல் தலைவலி காகிதம். எங்கே, எவ்வளவு நாள், என்ன வேலை பார்த்தாய் என்று ஒவ்வொன்றுக்கும் அத்தாட்சி கேட்கிறார்கள். கான்ட்யூட், கேபிள் ட்ரே, கிளாண்ட் அடித்தது, டி.பி. டெர்மினேஷன், டெஸ்டிங், எல்லாம் தனித்தனியாக, மேலே இருந்தவர் கையெழுத்தோடு, முடிந்தால் போட்டோவோடு. வேலை முடிந்தால் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துப் பையில் போடுவோமே தவிர போட்டோ எடுக்கிற பழக்கம் நமக்கு எங்கே இருந்தது? ஒரு காண்டிராக்டரிடம் நான்கு வருடம் இருந்தேனே (பெயர் வேண்டாம், உனக்கே தெரியும்), அங்கே நான் வேலை பார்த்ததற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. சம்பளம் கையில் கொடுத்த இடம் அல்லவா. அந்த நான்கு வருடமும் கணக்கில் வரவே இல்லை. நீ எழுதப் போவதாக இருந்தால் இன்றைக்கே பழைய ஆட்களுக்கு போன் போட ஆரம்பி, அவர்கள் உயிரோடும் நல்ல மனநிலையிலும் இருக்கும்போதே.

எழுத்துத் தேர்வு அப்படியொன்றும் பயமில்லை, உனக்குக் கணக்கு வரும். ஆனால் படிக்கும்போது ஒன்று உறைத்தது. நமக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர், சந்தேகம் வந்தால் புறங்கையால் தொட்டுப் பார் என்பாரே, அது ஏன் என்று நாம் கேட்டதே இல்லை. சுமார் 10 மில்லியாம்பியர் உடம்பில் ஓடினாலே சதை இறுகி, பிடித்த ஒயரைக் கை விடாது, புறங்கை என்றால் இறுகும்போது விலகிவிடும். சரி, அதுவரை அவர் சொன்னது நியாயம். ஆனால் உடம்பு சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொண்டு 230 வோல்ட்டை வகுத்துப் பார், 230 மில்லியாம்பியர் வருகிறது. எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் சப்ளையை வெட்டுகிற ஆர்.சி.சி.பி. 30 மில்லியாம்பியருக்கே விழ வேண்டும் என்று வைத்திருப்பது ஏன் என்று அந்த வகுத்தலைப் போட்டபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதுவும் ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலும் பிடித்துக்கொண்டு மரப்பலகையில் நின்றால் ஆர்.சி.சி.பி.யும் காப்பாற்றாது, எர்த்துக்குக் கரண்ட் போனால்தானே அதற்குத் தெரியும். நாம் அதை மாட்டிவிட்டு, இனி கவலையில்லை என்று எத்தனை வீட்டுக்காரர்களிடம் சொல்லியிருக்கிறோம்!

பிராக்டிகலில் முதல் தடவை நான் ஃபெயில், மச்சான். இதை வீட்டில்கூடச் சொல்லவில்லை, தேதி தள்ளிப்போனதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு த்ரீ ஃபேஸ் போர்டு, அதைப் பாதுகாப்பாக ஆஃப் செய்து காட்ட வேண்டும், அவ்வளவுதான். நாம் தூக்கத்தில் செய்கிற வேலை. சர்க்யூட்டைக் கண்டுபிடித்து ஆஃப் செய்தேன், பூட்டுப் போட்டேன், எச்சரிக்கை அட்டை மாட்டினேன், சாவியை என் பையில் வைத்தேன். இரண்டு முனை டெஸ்டரை முதலில் லைன் இருக்கிற இடத்தில் வைத்து, அது வேலை செய்கிறது என்று காட்டினேன். அப்புறம் மூன்று ஃபேஸ், நியூட்ரல், எர்த்து, ஒவ்வொன்றுக்கும் மற்றதற்கும் இடையே வைத்துப் பார்க்க வேண்டும், எண்ணிப் பார், பத்து தடவை வரும். பத்தும் பார்த்தேன், எதிலும் கரண்ட் இல்லை. பெருமையாக டெஸ்டரைக் கீழே வைத்துவிட்டு ஸ்க்ரூவில் கை வைக்கப் போனேன். போகிற வழியில் என் புறங்கை தானாக டெர்மினலை லேசாகத் தட்டிவிட்டுப் போனது! நான் செய்ததே எனக்குத் தெரியாது. தேர்வாளர் என்னைப் பார்த்தார், டெஸ்டரைப் பார்த்தார். "இப்போ இந்த டெஸ்டர் உயிரோட இருக்கா?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. பத்தையும் பார்த்து முடித்த பிறகு மறுபடி அதை லைன் உள்ள இடத்தில் வைத்து, இன்னும் எரிகிறதா என்று பார்க்க வேண்டும். நடுவில் பேட்டரி போயிருந்தால், லீடு அறுந்திருந்தால், நான் பார்த்த பத்தும் பொய். அங்கேயே நிறுத்திவிட்டார்.

அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஃபெயில் ஆனதற்காக அல்ல. மொட்டை மாடியில் மோட்டார் ஒயர் மாற்றினோமே, நீ ஏணியிலிருந்து விழுந்து தோள்பட்டை இறங்கியதே, அந்த நாள் திரும்பத் திரும்ப வந்தது. "கரண்ட் இல்லைடா, தொடு" என்று சொன்னவன் நான். யாரோ கீழே தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிட்டார்கள் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன், நீயும் அதை நம்பி இத்தனை வருடமாக அந்த வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டிருக்கிறாய். யாரும் போடவில்லை, மச்சான். உன்னை ஆட்டோவில் ஏற்றிய பிறகு நான் போய்ப் பார்த்தேன், நான் ஆஃப் செய்தது பக்கத்து சர்க்யூட். மேலே வந்து நியான் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன்தான், ஆனால் மத்தியான வெயிலில் அந்தச் சின்ன பல்பு எரிந்தால் யாருக்குத் தெரியும்? போதாததற்கு நான் காய்ந்த மர ஏணிமேல் நின்றிருந்தேன், நம் உடம்பு வழியாகக் கீழே இறங்கும் துளிக் கரண்டில் எரிகிற சாமான் அது, இன்னும் மங்கலாகத்தான் எரிந்திருக்கும். எரியவில்லை என்றால் கரண்ட் இல்லை என்று அர்த்தமே கிடையாது, அப்போது எனக்குத் தெரியவில்லை. தெரிந்த பிறகும் உன்னிடம் சொல்லவில்லை. திட்டுவதாக இருந்தால் இனி என்னைத் திட்டு.

இரண்டாவது தடவை பாஸ். அது பெரிய கதை இல்லை. எல்.இ.டி. விளக்குகளையும் டிம்மரையும் கழற்றிவிட்டு மெகர் போட்டு ஒயர் இன்சுலேஷனைப் பார்த்தேன், 500 வோல்ட்டில் 1 மெகாஓமாவது வர வேண்டும், தாராளமாக வந்தது. எர்த்து தொடர்ச்சி, பொலாரிட்டி (ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறவில்லையே என்று) எல்லாம் கரண்ட் கொடுப்பதற்கு முன்பே. கொடுத்த பிறகு லூப் (ஃபால்ட் வந்தால் கரண்ட் திரும்புகிற பாதையின் தடை), கடைசியில் ஆர்.சி.சி.பி., 15 மில்லியாம்பியரில் விழக் கூடாது, 30-ல் 300 மில்லி செகண்டுக்குள் விழ வேண்டும். பத்து இடம் பார்த்து முடித்து டெஸ்டரை மறுபடி சரிபார்த்தபோது தேர்வாளர் தலைகூட ஆட்டவில்லை, ஏதோ எழுதிக்கொண்டார். இடது கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன், புறங்கை மறுபடி ஓடிவிடுமோ என்ற பயத்தில்!

நீயும் எழுது என்று கட்டாயப்படுத்த மாட்டேன், உன் தோளோடு இனி ஏணி ஏற வேண்டுமா என்பதையும் நீதான் சொல்ல வேண்டும். டெஸ்டிங் வேலைக்கு மட்டும் வந்தால்கூடப் போதும், உட்கார்ந்து ரீடிங் எழுதுகிற ஆள் கிடைக்காமல்தான் எல்லோரும் தவிக்கிறார்கள். என் நோட்டுகளையும் பழைய கேள்விகளையும் கட்டிவைத்திருக்கிறேன், கேட்டால் அனுப்புகிறேன்.

அப்புறம், அந்த மஞ்சள் டெஸ்டரை ஞாபகார்த்தமாக இன்னும் சட்டைப் பையில் வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். அது அன்று என் கையில் இருந்ததுதான். ஸ்க்ரூ முடுக்க வேண்டுமானால் வைத்துக்கொள், உள்ளே இருக்கிற பல்பை மட்டும் இன்றைக்கே பிடுங்கி எறிந்துவிட்டுப் பதில் போடு.

உன்,
ஏணி பிடிக்கிறவன்