மாசியில் வா, சைக்கிளில் போகலாம்

காரைக்குடி,
தை மாதக் கடைசி ஞாயிறு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் மகன் கோயம்புத்தூர் சைக்கிள் குழுவோடு சேர்ந்து 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரக் கெடுவுக்குள் ஓட்டி முடித்ததைப் படித்துப் பெருமைப்பட்டேன். அவனுக்கு என் ஆசியைச் சொல். அதற்குக் கீழே நீ எழுதியிருந்த வரிதான் என்னை உடனே பேனாவை எடுக்க வைத்தது. “இந்த வயதில் ஒரு வேலையும் இல்லாமல் பகல் முழுக்கச் சைக்கிளில் சுற்றுகிறாயாமே, எதற்கடி?” என்று கேட்டிருக்கிறாய். கடைத்தெருவில் ஆயிரம் பேர் கேட்டாலும் நான் நின்று பதில் சொல்ல மாட்டேன். நீ கேட்டதால் சொல்கிறேன்.

நாம் சைக்கிள் பழகிய காலத்தை எண்ணிப் பார். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று முனைந்து நின்றார். பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. வாடகைக் கடையில் இருந்த, ஆண்கள் ஓட்டும் பார் வைத்த வண்டிகளில்தான் பல்லாயிரம் பேர் பழகினோம். பிறகு நம் பெண்கள் அந்த வண்டியையே விரும்பிக் கேட்டார்கள், முன்பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று. ஊர் என்னென்ன பேசியது என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சைக்கிள் நமக்குக் கொடுத்ததெல்லாம் பெரிய கொடைதான். ஆனால் ஏறிய ஒவ்வொரு தடவையும் ஒரு வேலைக்காகத்தான் ஏறினோம். கேரியரில் குடம், ஹேண்டில்பாரில் ரேஷன் பை, பின்னால் காய்ச்சலில் துவளும் பிள்ளை. வேலை எதுவும் இல்லாமல் வண்டியை வெளியே எடுத்த ஒரு நாள் உன் நினைவில் இருக்கிறதா? என் நினைவில் இல்லை. அந்த நாளைத்தான் இப்போது எடுத்துக்கொள்கிறேன்.

என்னோடு இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் தையல் கடை வைத்திருக்கிறார், மற்றவர் சத்துணவு அமைப்பாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் விடியுமுன் கிளம்பிவிடுவோம். அன்றைய சமையல் அவரவர் வீட்டில் இருப்பவர்கள் பொறுப்பு. இதில் மட்டும் நாங்கள் மூவரும் விட்டுக்கொடுப்பதில்லை.

திருச்சி–இராமேஸ்வரம் நெடுஞ்சாலையில் நாங்கள் ஓட்டுவதில்லை, குறுக்கே கடப்பதோடு சரி. கோட்டையூர் வழியாகப் பள்ளத்தூர், அங்கிருந்து கானாடுகாத்தான், பிறகு மேற்கே ஆத்தங்குடி, குன்றக்குடி வழியாகக் காரைக்குடி. இந்தச் சுற்று நாற்பது, ஐம்பது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். நீ வந்ததும் முதலில் இதில்தான் போக வேண்டும். பள்ளத்தூரைக் கடக்கும்போது ஒரு செய்தி சொல்கிறேன், இப்போதே கேட்டுக்கொள். அந்த ஊரைச் சேர்ந்த முருகப்பா குடும்பத்தார் 1949இல் சென்னை அம்பத்தூரில் தொடங்கியதுதான் டி.ஐ. சைக்கிள்ஸ். நாம் மணிக்கணக்கில் வாடகை கொடுத்துப் பழகிய ஹெர்குலிஸ் வண்டி அங்கே செய்ததுதான். எனக்கு இது தெரிந்த நாளிலிருந்து அந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் மணியை ஒரு தடவை அடித்துவிட்டுத்தான் போகிறேன்.

கானாடுகாத்தானில் விடிந்தும் விடியாத நேரத்தில் நுழைய வேண்டும். பெரிய வீடுகளைப் பார்க்கக் காரில் வருகிறவர்கள் பத்து மணிக்கு வந்து அரண்மனை முன்னால் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்த வீடுகளின் நீளத்தை அறிய சைக்கிள்தான் சரி. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பக்கச் சுவரை ஒட்டி மிதித்துக்கொண்டே போனால் சுவர் முடிவதாயில்லை. பல வீடுகள் பூட்டித்தான் கிடக்கின்றன. இருந்தாலும் ஓடுகளைப் பார். எல்லாம் முற்றத்தை நோக்கிச் சரிந்திருக்கும். கூரையில் விழுந்த மழை முற்றத்தில் இறங்கி, தெருவோரக் கால்வாயில் ஓடி, ஊரணிக்குப் போய்ச் சேரும்படி அமைத்திருக்கிறார்கள். ஆறு இல்லாத பூமியில் ஊர் கட்டியவர்கள் வீட்டுக்கு முன்பே தண்ணீரைத்தான் யோசித்திருக்க வேண்டும். பர்மாத் தேக்கையும் முட்டை வெண்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சையும் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அந்தக் கால்வாய்தான் பெரிது.

தண்ணீரைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். இத்தனை ஆண்டுகள் இங்கேயே வாழ்ந்தும் நான் அறியாத ஒன்றைக் கால்கள்தான் சொல்லிக்கொடுத்தன. நம் பக்கத்து நிலம் சமதளம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பஸ்ஸில் போனால் அப்படித்தான் தெரியும். சைக்கிளில் மேற்கே போகும்போது தொடை லேசாக இறுகுகிறது, கிழக்கே திரும்பியதும் வண்டி தானாக ஓடுகிறது. அந்தச் சரிவை நம்பித்தான் கண்மாய்கள் எல்லாம் இருக்கின்றன. பெரும்பாலான கண்மாய்களுக்குக் கரை கிழக்கேயும் தென்கிழக்கேயும் வளைந்திருக்கும், மேற்குப் பக்கம் திறந்திருக்கும். மேலே உள்ளது நிரம்பினால் கலுங்கு வழியாக வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். அது நிரம்பினால் அதற்கும் கீழே உள்ளதற்கு. கரைமேல் வண்டியை உருட்டிக்கொண்டே மடையையும் கலுங்கையும் பார்த்துக்கொண்டு போனால், தெரியாத ஊரிலும் திசை தவறுவதில்லை. இப்போது நாங்கள் புதிய பாதை தேடும்போது யாரிடமும் கேட்பதற்கு முன், இந்தக் கண்மாய்த் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்கிறோம். அந்தப் பக்கம் ஒரு ஊர் கட்டாயம் இருக்கும்.

மனம் வருந்தும் இடங்களும் உண்டு. புதுக்கோட்டைப் பக்கம் போகப் போகத் தைலமரக் காடுகள் மிகுதி. மரங்களுக்காக வெட்டிய வரப்புகளும் குழிகளும் மழைநீரை அங்கேயே மறித்துவிடுகின்றன. நல்ல மழை பெய்த பிறகும் கீழே கண்மாய் காய்ந்து கிடக்கிறது. கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலில் தண்ணீர் வந்த தடம் நடுவில் அறுந்து போவதைக் கண்ணால் பார்த்தேன். விவசாயிகள் ஆண்டுக்கணக்காக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்வது எத்தனை உண்மை என்பது மெதுவாகப் போகிறவர்களுக்குத்தான் தெரியும்.

ஆத்தங்குடியில் ஒரு மணி நேரமாவது உட்கார வேண்டும். தளக்கல் செய்கிற பட்டறையில் இப்போதும் எல்லாம் கைவேலைதான். சட்டத்துக்குள் கண்ணாடியை வைத்து, அதன்மேல் பூ அச்சை வைத்து, வண்ணச் சாந்தைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்ததும் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கும். அதன்மேல் உலர்ந்த சிமெண்ட்டும் மணலும் தூவி, மேலே ஈரக் கலவையை அப்பிச் சமன் செய்து, சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறவிடுகிறார்கள். காய்ந்ததும் கண்ணாடி தனியாகக் கழன்றுவிடும். அதன் வழவழப்பு கல்லில் தங்கிவிடும். தீயில் சுடுவதே இல்லை. உள்ளூர் மணலில்தான் அந்தப் பளபளப்பு வருகிறது என்று அங்கே வேலை செய்கிற அம்மா சொன்னார். தரையில் குந்தி அமர்ந்து பூப் போடுகிற அவர் கையை நீ பார்க்க வேண்டும், கோலம் போடுகிற கைதான் அது.

இதைவிட நீளமான பயணம் வேண்டுமென்றால் பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர் தாண்டிக் கொள்ளுக்குடிப்பட்டி. வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் என்று 1977இல் அறிவித்தார்களே, அந்தக் கண்மாய்கள். போய்த் திரும்பினால் முழுப் பகலும் ஆகும். நத்தை குத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் கருவேல மரங்களை வெள்ளையாக்கிவிடும். பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்று அந்த ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வனத்துறை அவர்களுக்கு இனிப்பு வழங்குகிறது. பிள்ளைகள் ஒரு பண்டிகையை விட்டுக்கொடுத்து வளர்கிற ஊர் அது. நாங்கள் போனபோது மணி கூட அடிக்காமல் இறங்கி உருட்டிக்கொண்டு போனோம். நீ வருகிற மாசியில் பறவைகள் கிளம்பத் தொடங்கியிருக்கலாம், கண்மாயில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதைப் பொறுத்தது. அங்கே போவதை வந்தபிறகு முடிவு செய்வோம்.

உனக்கு முழங்கால் வலி என்று எழுதியிருக்கிறாய். அதற்காகப் பயப்படாதே. நம் வயதுப் பெண்கள் பெரும்பாலும் சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொள்கிறார்கள், கால் தரையில் ஊன்ற வேண்டும் என்று. வலிக்கு அது ஒரு காரணம். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் கிட்டத்தட்ட நீண்டு, சற்றே மடங்கியிருக்க வேண்டும். நிறுத்தும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கிப் பழகிவிட்டால் உயரம் பயமில்லை. கியர் வண்டி என்றால் லேசான கியரில் வேகமாக மிதி, கனத்த கியரில் அழுத்தி மிதிக்காதே. காற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. போகும்போது எதிர்காற்றில் போய்விட்டு, களைத்துத் திரும்பும்போது காற்றை முதுகில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆடியில் மேல்காற்று வீசும்போது நாங்கள் மேற்கே கிளம்பிக் கிழக்கே திரும்புவோம். மாசியில் அந்தத் தொல்லை கிடையாது. கருவேல முள்தான் எந்தப் பருவத்திலும் எதிரி. ஆளுக்கொரு ட்யூப், ஒரு கைப் பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான் இல்லாமல் யாரும் கிளம்புவதில்லை. பஞ்சர் ஒட்ட எங்கள் மூவருக்குமே தெரியும்.

தாகம் எடுப்பதற்கு முன்பே தண்ணீர் குடிக்க வேண்டும், உப்புப் போட்ட நீர்மோர் இன்னும் நல்லது. பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை வெயிலில் ஓட்டுவதில்லை. ஏதாவது ஓர் அய்யனார் கோயில் தோப்பில், மண்குதிரைகள் வரிசையாக நிற்கிற நிழலில், கட்டுச்சோற்றைப் பிரித்துவிடுவோம். என் வீட்டுப் புளிச்சோறும் தேங்காய்த் துவையலும் உனக்குத் தெரியும். தையல் கடைக்காரர் கந்தரப்பம் கொண்டுவருவார். சாப்பிட்டுவிட்டுத் துண்டை விரித்துப் படுத்தால் அப்படி ஒரு தூக்கம் வீட்டில் வருவதில்லை. பெண்கள் வெளியே போவதில் பெரிய இடைஞ்சல் கழிப்பறைதான். அதையும் வழியோடு சேர்த்தே திட்டமிடுகிறோம். செட்டிநாடு ரயில் நிலையம், பிள்ளையார்பட்டிக் கோயில், பெட்ரோல் பங்க் எல்லாம் எங்கள் கணக்கில் உண்டு. இதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அது உடம்புக்குச் செய்கிற துரோகம்.

போகிற ஊரிலெல்லாம் கேட்கிறார்கள், எந்தக் கோயிலுக்குப் பிரார்த்தனை, யார் வீட்டு விசேஷம் என்று. ஊர் பார்க்க வந்தோம் என்று சொன்னால் முதலில் நம்புவதில்லை. பிறகு டீயைக் கையில் கொடுத்துவிட்டு, அப்படியானால் எங்கள் ஊரணியைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்கிறார்கள். போன மாதம் ஒரு டீக்கடை அம்மா என் வண்டியை வாங்கிக் கடை வாசலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். அறிவொளியில் பழகியது, பதினைந்து வருடமாகத் தொடவில்லை என்றார். இறங்கும்போது அவர் முகத்தில் இருந்ததை எழுத எனக்கு வரவில்லை. அடுத்த சுற்றுக்கு வருகிறேன் என்றிருக்கிறார், போன் நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன்.

என் பேத்திக்குப் பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள் திண்ணையில் தூசி படிந்து கிடந்தது. அவளுக்கு ஸ்கூட்டர்தான் வேண்டும். வற்புறுத்தவில்லை. செயினுக்கு எண்ணெய் போட்டு, டயர் இரண்டையும் மாற்றி வைத்திருக்கிறேன். அதைத்தான் உனக்காக ஒதுக்கியிருக்கிறேன். கியர் கிடையாது, ஆனால் நன்றாக உருளும். முதல் சுற்றுக்கு மறுநாள் உடம்பு ஒத்துழைத்தால் கானாடுகாத்தானிலிருந்து வடகிழக்கே திரும்பி அரிமளம் பக்கத்து நம் ஊருக்கே போய்வரலாம். நாம் தண்ணீர் எடுத்த ஊரணிக்கு இப்போது கம்பி வேலி போட்டுப் படித்துறையைச் செப்பனிட்டிருக்கிறார்கள்.

உன் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்ததை நீ எழுதிய பிறகுதான் எனக்கு நிம்மதி. அவரைத் தனியே விட்டுவிட்டு வர மனம் வராது என்றால் அழைத்துக்கொண்டே வந்துவிடு, என் வீட்டில் இருக்கட்டும்.

அடுத்த வாரச் செவ்வாய்க்கிழமை சைக்கிள் கடைக்குப் போகிறேன். அதற்குள் செருப்பில்லாமல் சுவரோரம் நின்று, தரையிலிருந்து தொடையின் உள்பக்கம் மேல்வரை எத்தனை அங்குலம் என்று அளந்து எழுது. சீட்டு உயரத்தை அதற்கேற்ப வைக்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் தோழி