உறைக்குள் இருந்த சீட்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புது மருந்துகளை நோயாளிகளிடம் சோதிப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். யாருக்கு எந்த மருந்து என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானிப்பது இரக்கமற்ற செயல் என்று கட்டுரையாளர் வருந்துகிறார். அரசு மருத்துவமனை மருந்தகத்தில் முப்பது வருடம் மாத்திரை எண்ணிக் கொடுத்தவன் நான். எனக்கு அந்தச் சீட்டின் மேல் மரியாதைதான் உண்டு.

காசநோயையே எடுத்துக்கொள்வோம். 1943இல் அமெரிக்காவில் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்தது. போர் முடிந்த சமயம் பிரிட்டனுக்கு வந்து சேர்ந்தது கொஞ்சம்தான். யாருக்குப் போடுவது? டாக்டர் விருப்பத்துக்கு விட்டால் வேண்டியவருக்குப் போகும், இல்லை, எப்படியும் பிழைத்துவிடுவார் என்று தோன்றுகிறவருக்குப் போகும். பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளியியலாளர், யாருக்கு ஊசி என்று சொல்லும் சீட்டை உறையில் போட்டு ஒட்டிவிட்டார். 55 பேருக்கு ஊசியும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் ஊசி போட்டவர்களில் 4 பேர் இறந்தார்கள், மற்றவர்களில் 14 பேர்.

ஆனால் ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் பாதிக்கு மேல் இறந்துபோயிருந்தார்கள். கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது. ஒரு மருந்தைத் தனியாகக் கொடுக்கக் கூடாது, சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்பது அடுத்தடுத்த சோதனைகளில் தெளிவானது.

கட்டுரையாளர் தொடாமல் விட்டது நம்ம ஊர்க் கதையை. 1956இல் சென்னையில் மருந்துக்குப் பஞ்சமில்லை, ஐசோநியாசிட், பாஸ் என்ற இரண்டு காசநோய் மருந்துகளும் வந்துவிட்டன. பஞ்சம் படுக்கைக்குத்தான். சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனையில், நல்ல சாப்பாடு, காற்றோட்டம், ஓய்வு, இதெல்லாம் இல்லாமல் குணமாகாது என்று பெரிய டாக்டர்களே நம்பினார்கள். சரி, அதையும் பார்த்துவிடலாம் என்று 193 நோயாளிகளைச் சீட்டு முறையில் பிரித்தார்கள். சிலர் சானடோரியத்துக்கு, சிலர் வீட்டுக்கு, மருந்து மட்டும் ஒன்றுதான். வீட்டுக்குப் போனவர்கள் ஏழைகள், நெரிசலான குடியிருப்பு, அரைகுறைச் சாப்பாடு. ஒரு வருடம் முடிந்தபோது இரு தரப்பிலும் குணமானவர்களின் அளவில் பெரிய வித்தியாசமில்லை. வீட்டில் கூட இருந்தவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் இது வெளியான பிறகு, வீட்டிலிருந்தே சிகிச்சை பெறலாம் என்ற நம்பிக்கை உலகில் பல இடங்களில் வலுத்தது. சீட்டுப் போடாமல் டாக்டரே பிரித்திருந்தால், மோசமான நோயாளிகளை சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார். அப்புறம் எதை எதோடு ஒப்பிடுவது?

மாத்திரையை விழுங்கினார்களா என்று தெரிந்துகொள்ளத் திடீரென்று வீட்டுக்குப் போய்ச் சிறுநீரைச் சோதித்தார்களாம். எனக்கு இதில் ஆச்சரியமில்லை. சிறுநீரைச் செந்நிறமாக்கும் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினை வாங்கிப்போனவர்கள் மறுநாளே, "சார், ரத்தமா போகுது" என்று என் ஜன்னலுக்கு ஓடிவருவார்கள். மருந்தின் நிறம்தான் என்று சொன்னாலும் சிலர் நம்பாமல் நிறுத்திவிடுவார்கள்.

கட்டுரையாளரோடு ஒத்துப்போகும் இடமும் உண்டு. அந்த பிரிட்டிஷ் சோதனையில் ஊசி கிடைக்காத நோயாளிகளுக்குத் தாங்கள் ஒரு சோதனையில் இருப்பதே தெரியாது. அது தப்பு. இன்று ஒப்புதல் கேட்காமல் யாரையும் சேர்க்கக் கூடாது, சட்டம் இருக்கிறது. ஆனால் என் மைத்துனரிடம் ஒரு மருத்துவமனையில் நீட்டிய ஒப்புதல் படிவம் பதினொரு பக்கம். தமிழில்தான் இருந்தது. இரண்டு தடவை படித்தும் எனக்கே புரியவில்லை. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். கோபப்பட வேண்டிய இடம் அந்தப் படிவம்.

அடுத்தமுறை இதைப் பற்றி எழுதுவதாக இருந்தால் நிருபரைச் சேத்துப்பட்டுக்கு அனுப்புங்கள். அந்தச் சோதனையை நடத்திய மையம் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
அரக்கோணம்.