சோம்பல் என்று எழுதிவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில், பெண்கள் உடற்பயிற்சி செய்யாததற்குச் சோம்பல்தான் முதல் காரணம் என்று ஒரு டாக்டர் எழுதியிருந்தார். 20 வருஷமாக உங்கள் பத்திரிகை வாங்குகிற வீடு எங்களுடையது. மனசு கேட்காமல் எழுதுகிறேன்.

எனக்கு 53 வயது, சர்க்கரை உண்டு. வாரத்துக்கு 150 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது எனக்கும் தெரியும். நாலரைக்குக் குழாயில் தண்ணீர் வரும். அதைப் பிடித்து, மாமியாருக்குக் கஞ்சி வைத்து, மகனுக்குச் சோறு கட்டி முடிக்கும்போது வெயில் ஏறிவிடும். வீட்டு வேலையே போதாதா என்பார் வீட்டுக்காரர். எங்கள் தோவாளைப் பக்கம் நாளெல்லாம் உட்கார்ந்து பூக்கட்டுகிற பெண்களின் முழங்காலைக் கேட்டால் தெரியும், வேலை வேறு, உடற்பயிற்சி வேறு என்று.

சாயங்காலம் போகலாமென்றால் குளக்கரை ரோட்டில் இரண்டு விளக்கு எரிவதில்லை. சங்கிலி பறிப்புக்குப் பயந்து, தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துப் போட்டுக்கொண்டு நடந்தேன். "என்ன மைனி, சங்கிலி அடகுக்குப் போயாச்சா?" என்று தெருவில் ஒருத்தி எல்லோர் முன்னாலும் கேட்டாள். அப்புறம் மூன்று மாதம் நான் வாசல்படி இறங்கவில்லை. இதற்குப் பெயர் சோம்பலா?

நான் படித்த பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியட் என்றால் பந்தும் மைதானமும் பையன்களுக்கு. எங்களை மரத்தடியில் உட்கார்ந்து பாடம் படிக்கச் சொல்வார்கள். 2024-இல் லான்செட் குளோபல் ஹெல்த் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு உங்களுக்குத் தெரியாததில்லை. நம் நாட்டில் போதிய உடலியக்கம் இல்லாத பெண்கள் 100-க்கு 57 பேர், ஆண்கள் 42 பேர். கூடுதலாக உள்ள அந்த 15 பேரும் சோம்பேறிகளா?

நான் மறுபடி நடப்பது பக்கத்து வீட்டு அக்காவால்தான். ஐந்தரைக்கு கேட்டைத் தட்டி, "மக்கா, இறங்கியாச்சா?" என்பார். அந்தக் குரலுக்காகவே எழுந்துவிடுவேன். தண்ணீரை இப்போது மகன் பிடிக்கிறான், இரண்டு நாள் சண்டைக்கு அப்புறம். ஆறு பேர் சேர்ந்தோம், ஆனியாடிச் சாரலிலும் குடையோடு போனோம். இப்போது ஐந்து பேர். குளக்கரையில் உள்ள கழிப்பறை எட்டு மணி வரை பூட்டிக் கிடக்கிறது. சர்க்கரைக்காரி எவ்வளவு நேரம் அடக்குவாள்? ஒருத்தி நின்றுவிட்டாள்.

அந்தக் கழிப்பறையை ஐந்து மணிக்குத் திறக்கவும், அந்த இரண்டு விளக்கை மாற்றவும் மாவட்டப் பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி போடுங்கள். என் பெயர் வேண்டாம்.

ஒரு வாசகி,
தோவாளை வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்