ஆச்சிக்கு வேலை கொடு

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். கார்த்திகைக்கு லீவு போட்டு, செந்தூர் எக்ஸ்பிரஸில் டிக்கெட்டும் எடுத்துவிட்டாய். சந்தோஷம். திட்டத்தையும் பார்த்தேன். முதல் நாள் தூத்துக்குடியில் காது டாக்டர், மறுநாள் காரில் கன்னியாகுமரி, அதற்கு மறுநாள் கார்த்திகை. கொழுக்கட்டையைக் கடையில் சொல்லிவிடலாம், ஆச்சியைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று வேறு எழுதியிருக்கிறாய். டாக்டரையும் கன்னியாகுமரியையும் பற்றி அப்புறம் பேசுவோம். கடைக் கொழுக்கட்டை மட்டும் நடக்காது.

ஆச்சிக்கு 84 வயது. தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை, இடது காது அநேகமாகப் போய்விட்டது, காலையில் சொன்னதை மத்தியானம் மறுபடி கேட்கிறாள். எல்லாம் உண்மைதான். ஆனால் போகிற வருகிறவர்கள் எல்லாரும் "நீங்க சும்மா உட்காருங்க" என்று சொல்லிச் சொல்லியே அவளைப் பட்டாசலில் ஒரு நாற்காலியோடு சேர்த்து ஒரு சாமானாக ஆக்கிவிட்டார்கள். வருகிற சொந்தக்காரர்கள் காலைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள், பழம் கொடுக்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், காரில் ஏறிப் போகிறார்கள். அவர்கள் போனதும் ஆச்சி என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "வந்தவுகளுக்கு ஒரு வாய் காப்பிகூட என் கையால கொடுக்கலியே?"

போன கார்த்திகைக்கு நீ வரவில்லை, அதனால் உனக்கு இது தெரியாது. அன்றைக்குப் பனங்குருத்தோலை வந்து இறங்கியதும் ஆச்சி நாற்காலியைச் சாப்பாட்டு மேசைப் பக்கம் இழுத்துப் போடச் சொன்னாள். மாவு இடிப்பது, வறுப்பது எல்லாம் என் வேலை. கருப்பட்டிப் பாகைக் காய்ச்சி மண் போக வடிகட்டி நான் கொண்டுபோய் வைத்ததும், சூடு ஆறட்டும் என்றெல்லாம் அவள் காத்திருக்கவில்லை. மாவில் சுக்கும் ஏலமும் தேங்காய்த் துருவலும் வறுத்த பாசிப்பருப்பும் போட்டு, பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றச் சொல்லிக் கையாலேயே பிசைந்தாள். ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பார்த்து, "இன்னும் ஒரு கரண்டி" என்றாள். ஊற்றினேன். மறுபடி பிடித்துப் பார்த்து, "போதும்" என்றாள். அவ்வளவுதான் அளவு. நான் இத்தனை வருஷமாகச் சமைக்கிறேன், எனக்கு அந்தப் பதம் இன்னும் கைக்கு வரவில்லை.

அப்புறம் ஓலை. சாண் நீளத்துக்கு நறுக்கி வைத்திருந்த ஓலையின் மடிப்பை விரித்து, மாவை உள்ளே வைத்து அமுக்கி, மேலே இன்னொரு ஓலையை மூடி, ஓலை நாரால் கட்டுவாள். கட்டும்போது அவள் கண் ஓலையில் இல்லை, தெருவில் போகிறவர்கள் மேலே இருந்தது. விரல் அது பாட்டுக்குச் சுற்றி இழுத்து முடிச்சுப் போடுகிறது. காப்பித் தம்ளரைப் பிடித்தால் நடுங்குகிற அதே விரல்தான். இட்லிக் கொப்பரையில் வைத்து ஆவி கிளம்பியதும் வீடு முழுக்கப் பச்சை ஓலை வாசம். அந்த வாசம் கடையில் வாங்குகிற பொட்டலத்தில் வராது. வந்தாலும், "கட்டு தளர்ந்திருக்கு, யார் கட்டினது?" என்று அவள் அதட்டுவதற்கு அங்கே ஆள் கிடையாது.

அதனால்தான் சொல்கிறேன், ஆச்சிக்கு வேலை கொடு. எல்லா வேலையையும் இல்லை. அடுப்புப் பக்கம் அவள் போக வேண்டாம், கொப்பரையை நீ இறக்கு. பதம் பார்ப்பதும் கட்டுவதும் அவள். உன் மகள் பக்கத்தில் உட்கார்ந்து நார் கிழித்துக் கொடுக்கட்டும். காலை எட்டு மணிக்கே ஆரம்பித்துவிட வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் அவளுக்குத் தெம்பு இருக்காது, தூங்க விட்டால்தான் சாயங்காலம் விளக்கேற்ற எழுந்திருப்பாள். வாசல் படியில் முதல் அகல் அவள் ஏற்றட்டும், மிச்சத்தை உன் மகள் ஏற்றட்டும். எண்ணெய் சிந்தினால் உடனே துடைத்துவிடு, இந்த வயதில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அப்புறம் படுக்கைதான். ஆச்சிக்கு நான் பருத்திச் சேலைதான் எடுத்து வைத்திருக்கிறேன். நீயும் அன்றைக்கு அந்தப் பளபளக்கிற நைலான் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு விளக்குப் பக்கம் நிற்காதே.

கருப்பட்டி நம் உடன்குடிக் கருப்பட்டிதான். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தாலும் கிடைத்தது, சீனிப்பாகு கலந்ததையெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லியே விற்கிறார்கள். ஆச்சி வாங்கியதும் ஒன்றை உடைத்துப் பார்ப்பாள். உள்ளே கற்கண்டு மாதிரி மின்னினால் திருப்பி அனுப்பிவிடுவாள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கருப்பட்டி சர்க்கரை நோய்க்காரர்களை ஒன்றும் செய்யாது என்று உன் பெரியம்மா வாட்ஸ்அப்பில் அனுப்புவதை நம்பாதே. அதுவும் இனிப்புதான், ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். ஆச்சிக்கு ஒரு கொழுக்கட்டை, அன்றைக்குச் சோறு கொஞ்சம் குறைவாக. அந்த ஒன்றை அவளிடமிருந்து பிடுங்கி வைக்காதே, நான் மாத்திரையைப் பார்த்துக்கொள்கிறேன்.

அவளோடு பேசுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. போனமுறை நீ "என்னை ஞாபகம் இருக்கா ஆச்சி? இவர் யாரு சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். அவள் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். பரீட்சை வைக்காதே, ஏட்டி. "நான் உங்க பேத்தி, சென்னையிலேர்ந்து வந்திருக்கேன்" என்று நீயே சொல்லிவிட்டால் என்ன குறைந்துபோகிறது? டிவியை நிறுத்திவிட்டு, வலது பக்கம் உட்கார்ந்து, முகம் தெரிகிற மாதிரி நிதானமாகப் பேசு. கத்த வேண்டாம். வயதானால் கீச்சுக் குரல்தான் முதலில் கேட்காமல் போகும். உன் அப்பா பேசுவது அவளுக்குப் புரிகிறது, குழந்தை பேசுவது புரியவில்லை என்றால் அதற்கு அதுதான் காரணம். பூட்டி ஆச்சிக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று குழந்தை நினைத்துக்கொள்ளப் போகிறது, அதனிடம் இதை முன்கூட்டியே சொல்லிக் கூட்டிவா.

விடிலிக் கதையைக் கட்டாயம் சொல்வாள். பதநீர்க் காலத்தில் பனையேறிகள் குடும்பத்தோடு காட்டில் ஓலைக் குடிசை போட்டுத் தங்குவது, பெண்கள் பெரிய பானையில் பதநீர் காய்ச்சுவது, பாகைச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி எடுப்பது, ஊற்றும்போது சின்னப் பிள்ளைகள் போய்ச் சிரட்டையும் கையுமாக நிற்பது. உனக்கு அது மனப்பாடம். ஆனால் உன் மகளுக்குப் புதுசு. இன்றைக்கு ஊரில் பனையேற ஆள் கிடைப்பதே கஷ்டமாக இருக்கிறது, விடிலியைக் கண்ணால் பார்த்தவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். போனில் பதிவு பண்ணுவதானால் பண்ணு, ஆனால் போனை அவள் மூக்குக்கு நேரே நீட்டாதே. மேசைமேல் வைத்துவிட்டு ஓலை கிழித்துக்கொண்டே கேள். கை வேலையாக இருந்தால்தான் அவளுக்குப் பேச்சு வரும்.

காது டாக்டரிடம் போகலாம், சரிதான். ஆனால் கார்த்திகை முடிந்த மறுநாள் வைத்துக்கொள். வந்ததும் வராததுமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால், நீ அதற்குத்தான் வந்தாய் என்று நினைப்பாள். கன்னியாகுமரி வேண்டவே வேண்டாம். அவளுக்கு அந்தக் கார்ப் பயணம் தண்டனை. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்டிருக்கிறாயே, அதற்குச் சந்தோஷமாகக் கிளம்புவாள். போனமுறை நாங்கள் காரைக் கோயில் பக்கத்து மர நிழலில் நிறுத்தி, கதவைத் திறந்துவைத்து அவளை உள்ளேயே உட்காரவைத்தோம். பொங்கல் பானையில் எப்போது அரிசி போட வேண்டும், எப்போது வெல்லம் போட வேண்டும் என்று அங்கிருந்தபடியே எங்கள் எல்லாரையும் விரட்டினாள். மாமா பிள்ளைகள்கூடப் பயந்துபோய் விறகு பொறுக்கினார்கள்.

திரும்பிப் போவதற்கு ஒரு நாள் கூடுதலாக லீவு வைத்துக்கொள். இது மழைக்காலம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியதும், இதே செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு வெள்ளத்துக்கு நடுவே நின்றுபோனதும் உனக்கு மறந்திருக்காது. மழை பெய்தால் சொக்கப்பனை எரியத் தாமதமாகும், ஆச்சியும் அது எரியாமல் தூங்கப் போக மாட்டாள்.

இதையெல்லாம் நான் ஆச்சியிடம் சொல்லவில்லை. நீ வருவதை நீயே போன் பண்ணிச் சொல். காலையில் ஏழு மணிக்கு மேல் கூப்பிடு, அப்போதுதான் தெளிவாக இருப்பாள். எத்தனை பேர் வருகிறீர்கள் என்று கேட்பாள். மாப்பிள்ளை வருகிறாரா இல்லையா என்பதை இழுக்காமல் சொல்லிவிடு. எத்தனை படி அரிசி ஊறப்போட வேண்டும், எவ்வளவு ஓலை வெட்டச் சொல்ல வேண்டும் என்று அதை வைத்துத்தான் அவள் எனக்கு உத்தரவு போடுவாள்.

அன்புடன்,
அம்மா