பல் மருத்துவர் ஒருவர் வேண்டும்: துணைவேந்தருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கு,

வணக்கம். வளாகச் சுகாதார மையத்துக்கு ஒரு பல் மருத்துவர் வேண்டும் என்று விடுதி மாணவிகள் கொடுத்த மனு தங்களுக்கு நினைவிருக்கும். பதில் இன்னும் வரவில்லை. போன வாரம் எங்கள் விடுதியில் நடந்ததைப் பார்த்த பிறகு இனியும் காத்திருக்க மனம் வரவில்லை.

முதுகலை மாணவி ஒருத்திக்குக் கடைவாய்ப்பல்லில் சொத்தை. வலி தொடங்கியதுமே சுகாதார மையத்துக்குப் போனாள். வலி மாத்திரை கொடுத்து, "பல்லுக்கு வெளியில பாத்துக்கோம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். வெளியில் என்றால் எங்கே? அரசு மருத்துவமனையில் பல்லுக்கு ஓ.பி. காலையில்தான். அந்த நேரத்தில் எங்களுக்கு வகுப்பு. வேர் சிகிச்சை என்றால் மூன்று நான்கு தடவை வரச் சொல்வார்கள். 75 சதவீத வருகைப் பதிவுக்கே தடுமாறுகிறவள் எப்படிப் போவாள்? தனியார் கிளினிக்கில் கேட்கும் ஆயிரங்களுக்கு அவள் வீட்டில் வழியில்லை.

மாத்திரையிலேயே ஓட்டினாள். கன்னம் வீங்கி வாய் திறக்க முடியாமல், ரசம் சாதத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு இன்டர்னல் தேர்வு எழுதினாள். ராத்திரியில் படுக்க முடியாமல், குளிர்ச்சிக்காகச் சுவரில் கன்னத்தை வைத்து உட்கார்ந்திருப்பாள். கடைசியில் போன சனிக்கிழமை போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். பிடுங்குவது ஒரு நாள் வேலை, வகுப்பு போகாது. ஆறு வயதில் முளைத்து ஆயுளுக்கும் இருந்திருக்க வேண்டிய பல் அது. நேரத்தோடு பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம்.

துறையில் விடுப்புக் கேட்டதற்கு, "பல்வலிக்கெல்லாம் லீவா?" என்றார்களாம்.

ஞானப்பல் முளைப்பது பெரும்பாலும் 17 முதல் 25 வயதுக்குள். நாங்கள் இங்கே படிக்கும் வருடங்களும் அவைதான். அப்புறம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் ஊருக்கு வருவதற்குள், ஃபுளோரைடு கலந்த ஆழ்குழாய்த் தண்ணீர் குடித்தே சிலருக்குப் பல் பழுப்பேறிவிட்டது. வாயைக் கையால் மறைத்துக்கொண்டுதான் சிரிக்கிறார்கள். செமினார் என்றால் பின்வரிசைக்குப் போய்விடுகிறார்கள். அவர்களிடம்தான் வேலைவாய்ப்புப் பயிற்சியில், "சிரித்த முகமாகப் பேசுங்கள்" என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். வருடா வருடம் மருத்துவக் கட்டணம் வாங்குகிறீர்கள். நுழைவாயிலுக்குப் புது வளைவு கட்டப் பணம் இருந்தது. ஒரு பல் நாற்காலிக்கு மட்டும் ஏன் இல்லை?

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள், வகுப்பு முடிந்த மாலை நேரத்தில், ஒரு பல் மருத்துவர் வேண்டும். பல் மருத்துவம் படித்துவிட்டு நல்ல வேலை தேடுகிறவர்களுக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமில்லை. அவர் வரும்வரை, பல் சிகிச்சைக்குப் போகும் நேரத்தை ஓ.டி. (ஆன் டியூட்டி) ஆக, அதாவது வகுப்புக்கு வந்ததாகவே, கணக்கில் எடுத்துக்கொள்ளும்படி துறைகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். அதற்குச் செலவே கிடையாது.

அடுத்த செமஸ்டர் தொடங்குவதற்குள் பதில் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
விடுதி மாணவி ஒருத்தி